லீவு போட்டு ஷாப்பிங் போகச் சொன்னீங்களே சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஸ்கூல் திறக்கப்போகுதுன்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுல ஒரு வரி, "பெற்றோர் ஒரு நாள் லீவு போட்டு குழந்தைகளோட நிதானமா ஷாப்பிங் போங்க"ன்னு. நான் ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில யூனிஃபார்ம் செக்‌ஷன்ல பதினோரு வருசமா நிக்கறனுங்க. நீங்க லீவு போடச் சொன்னீங்களே, அவங்கெல்லாம் வந்து நிக்கறது எங்கிட்டதான். அவங்க லீவு போட்டா எனக்கு எங்கிருந்துங்க லீவு? மே மாசம் வைகாசி முகூர்த்தமும் யூனிஃபார்மும் ஒண்ணா வந்து சேரும், ஒரு நாள் வரலைன்னா ரெண்டு நாள் சம்பளத்தைப் பிடிச்சிருவாங்க.

எம்புள்ள இந்த வருசம் ஒன்பதாவது போறா. ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்குப் போனா அவ தூங்கிட்டிருப்பா, எழுப்ப மனசு வராது, அப்படியே இன்ச் டேப்பை மேல போட்டு தோள்பட்டை, கை நீளம் எல்லாம் அளந்து பஸ் டிக்கெட்டு பின்னாடி குறிச்சுக்குவேன். எங்க குடும்பப் பிணைப்பு இவ்வளவுதானுங்க.

அளந்து என்ன பிரயோஜனம், அவ படிக்கற தனியார் ஸ்கூல்ல இந்த வருசம் யூனிஃபார்ம் கலரையே மாத்திட்டாங்க, அரக்கு கட்டம் போய் நேவி ப்ளூவாம். போன வருசம் வாங்குன ரெண்டு செட்டும் புதுசாட்டம் பீரோவுல கெடக்குது, ரெண்டு வருசம் வரோணும்னு கீழ நாலு இன்ச் மடிப்பு விட்டுத் தச்சதுங்க அது. புது துணியை அவங்க சொல்ற கடையிலதான் வாங்கோணும். அது ராஜஸ்தான் பில்வாராவுல இருந்து வர்ற அதே துணிதான் சார், எங்க ரேக்குலயே இருக்குது, தொட்டாலே எனக்குத் தெரியும். தையக்கூலி சேத்து 950க்கு முடியறதை அங்க 1,650ங்கறாங்க. துணி விக்கறவளுக்கே இந்தக் கதின்னா மத்தவங்க என்ன பண்ணுவாங்க? தனியார் ஸ்கூல் கட்டணத்துக்கு 2009லயே சட்டம் வந்துச்சு, கமிட்டி போட்டாங்க, எல்லாம் உங்களுக்குத் தெரியாததா. ஆனாலும் ரசீதுல ஒரு தொகை, அதுக்கு மேல வாங்கறது துண்டுச்சீட்டுல, அந்தத் துண்டுச்சீட்டைப் பத்தி உங்க இணைப்புல ஒரு எழுத்து இல்ல, ஏழு மணிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து முளைகட்டுன பயறு சாப்பிடச் சொல்லி மட்டும் அரைப்பக்கம்.

சின்னவன் கவர்மென்ட் ஸ்கூல்ல நாலாவது, புக்கு நோட்டு நாலு செட் துணி எல்லாம் அங்கயே தர்றாங்க, காலை டிபனும் அங்கயே, அதனால அவன் கணக்குல பெருசா ஒண்ணும் இல்லீங்க.

ஸ்கூல் திறக்கற தேதி கதை தனி. 2023ல ஜூன் 1ன்னு போட்டீங்க, அப்புறம் 7ன்னீங்க, கடைசியில பெரிய கிளாசுக்கு 12, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் 14. வெயிலுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, அது சரிதான். ஆனா நான் ஒவ்வொரு தடவையும் முதலாளிகிட்டப் போய் முதல் நாள் மட்டும் ஒரு மணி நேரம் லேட்டா வர்றேன்னு கேட்டு நிக்கோணும், மூணாவது தடவை அவர் சிரிச்சுட்டாரு. 2024லயும் 6ன்னு சொல்லி 10 ஆச்சு.

சொல்ல வந்தது வேற, ஆனா இதையும் சொல்லிர்றேன். 2021ல கடைகள்ல நிக்கறவங்களுக்கு உக்கார சீட் போடோணும்னு சட்டம் வந்தப்ப முதல் பக்கத்துல போட்டீங்க. சந்தோசப்பட்டு உங்களுக்கு ஒரு லெட்டரும் போட்டேன், அது பேப்பர்ல வரவே இல்ல. எங்க கடையிலயும் ரெண்டு ஸ்டூல் வந்துச்சுங்க, அதுல இப்ப துணி பண்டல் உக்காந்திருக்குது. அதுக்கப்புறம் யாராவது வந்து பாத்தீங்களா?

பை வெயிட்டுன்னு ஒரு பொட்டிச் செய்தி இருந்துச்சு, ஒடம்பு எடையில பத்துல ஒரு பங்குதான் இருக்கோணும்னு 2020லயே மத்திய அரசு சொல்லிருச்சுன்னு. போன வாரம் உங்க பேப்பரை எடைக்குப் போட்டப்ப பழைய பேப்பர்காரர் தராசுலயே எம்புள்ளையோட போன வருசப் பையையும் மாட்டிப் பாத்தேன். ஏழரை கிலோ. அவ 38 கிலோ. உங்க பேப்பர் ஆறு கிலோதான் வந்துச்சு.

உங்களைக் குத்தம் சொல்ற அளவுக்கு நான் படிச்சவ இல்லீங்க, பத்தாவதுதான். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வருசம் இந்த இணைப்பை மே கடைசியில போடாம ஏப்ரல்லயே போடுங்க, கைமாத்து வாங்கறதுக்காவது நாள் இருக்கும். கூடவே நோட்டுல ஒட்டற லேபிள் ஒரு ஷீட்டு வெச்சுக் குடுங்க, ரெண்டு புள்ளைக்கும் சேத்து நாப்பது லேபிளாவது வேணும். தீபாவளிக்கு ஷாம்பு பாக்கெட் வெச்சுக் குடுத்தீங்கல்ல, அந்த மாதிரி.

பேரு போட வேண்டாமுங்க, கடையிலயும் உங்க பேப்பர்தான் வாங்கறாங்க.

இப்படிக்கு,
யூனிஃபார்ம் செக்‌ஷன் அக்கா,
ஈரோடு.