மோன்சாவோடு நிறுத்திய கதை

அன்பு மகளுக்கு,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு தடவை உன் நம்பரைப் போட்டுவிட்டு, நீ எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் வழக்கம்போல நான் சுற்றி வளைப்பேன், நீ "சரிப்பா, விடுங்க" என்பாய், அதோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பந்தயத்தில், மழையில் நான்காவது சுற்று முடிந்ததும், ட்ராக் ஓரம் மெக்கானிக்குகள் நிற்கும் பிட்டுக்குள் நீ திரும்பி வந்தாய். எஞ்சின் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாய், உள்பக்கமெல்லாம் மூச்சுப் பனி. கையுறையைக் கழற்ற விரல் மடங்கவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன், என் உள்ளங்கையில் தண்ணீர் ஒழுகியது. "முன்னாடி போற வண்டியே தெரியலப்பா. நிறுத்திட்டேன்" என்றாய். ஒரு நொடிகூட யோசிக்காமல், "சரி, வயரிங்ல கோளாறுன்னு சொல்லிடலாம்" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயமா இருந்துச்சு."

உனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. வெட்கப்பட்டவன் நான். நீ உடை மாற்றப் போயிருந்தபோது ஸ்பான்சர் பக்கத்து ஆள் வந்து கேட்டார். வயரிங் என்றே சொல்லிவிட்டேன். அது உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும்வரை நீ என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அப்புறம் ராத்திரியில் தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் லவுடா ஞாபகம் வந்தார். உனக்குச் சின்ன வயதில் நான் சொன்ன அதே ஃபார்முலா ஒன் கார் பந்தய ஓட்டுநர் நிக்கி லவுடா. எத்தனை தடவை கேட்டிருப்பாய்! "நாப்பத்திரண்டு நாள் கதை சொல்லுங்க" என்று வந்து நிற்பாய். நானும் தீயில் ஆரம்பித்து மோன்சாவில் முடிப்பேன். ஒவ்வொரு தடவையும் மோன்சாவோடு முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் சொன்னதே இல்லை. மோன்சாவைப் பற்றிச் சொன்னதும் முழுசாக இல்லை.

முதலிலிருந்து வருகிறேன். 1976, ஆகஸ்ட் 1, ஜெர்மனியில் நூர்பர்க்ரிங். ஒரு சுற்றே 22 கிலோமீட்டருக்கு மேல். மலையும் காடுமாக நீண்டு கிடக்கும் ட்ராக். ஒரு பக்கம் மழை பெய்யும், இன்னொரு பக்கம் காய்ந்து கிடக்கும். அங்கே விபத்து நடந்தால் உதவி வந்து சேரவே நேரமாகும். அந்த வருஷம் அங்கே பந்தயம் வேண்டாம் என்று மற்ற ஓட்டுநர்களிடம் எடுத்துச் சொன்னவர் லவுடாதான். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் அதே ட்ராக்கில் தகுதிச் சுற்றை 6 நிமிடம் 58.6 நொடியில் முடித்திருந்தார். அந்தப் பழைய ட்ராக்கில் ஃபார்முலா ஒன் காரை ஏழு நிமிடத்துக்குள் கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். அங்கே எல்லோரையும்விட வேகமாக ஓட்டத் தெரிந்தவரே அது ஆபத்து என்றார். இதை உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டத் தெரியாதவன்தான் பயப்படுவான் என்ற எண்ணம் உன் மனதில் விழுந்திருந்தால், அதை விதைத்தவன் நான்.

இரண்டாவது சுற்றில் அவருடைய ஃபெராரி கட்டுப்பாடு இழந்து மோதித் தீப்பிடித்தது. தலையிலிருந்து ஹெல்மெட் கழன்று போயிருந்தது. பின்னால் வந்த ஓட்டுநர்கள் நான்கு பேர் தங்கள் கார்களை விட்டு இறங்கி ஓடினார்கள். கை எட்வர்ட்ஸ், பிரெட் லங்கர், ஹரால்ட் எர்ட்ல், அர்துரோ மெர்சாரியோ. மெர்சாரியோதான் நெருப்புக்குள் கையை விட்டு சீட் பெல்ட்டைக் கழற்றி அவரை வெளியே இழுத்தவர். முகமும் தலையும் வெந்து போயிருந்தன. அதைவிட மோசம், உள்ளே இழுத்த நச்சுப் புகை நுரையீரலைக் கெடுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து கடைசிச் சடங்கையும் செய்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 12, இத்தாலியில் மோன்சா. 42 நாள் கழித்து மறுபடியும் பந்தயத்தில் இறங்கினார். நான்காவதாக வந்தார். தலையில் சுற்றியிருந்த கட்டில் ரத்தம் ஊறியிருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளே போடும் முகத்துணியைக் கழற்றும்போது ஆறாத புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த இடத்தில்தான் நீ எப்போதும் கண்ணை மூடிக்கொள்வாய். ஒருநாள் மூடிய கண்ணோடே, "அவருக்குப் பயமே இல்லையாப்பா?" என்று கேட்டாய். "சாம்பியனுக்குப் பயம் கிடையாது" என்றேன்.

தப்பு, கண்ணம்மா. லவுடாவே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மோன்சாவில் பயத்தில் உடம்பு விறைத்துப் போயிருந்ததாம். பயத்தை ஜெயித்துவிட்டேன் என்று அப்போது வெளியே சொன்னது பொய் என்றும், தன் பலவீனம் எதிராளிகளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னதாகவும் அவரே ஒத்துக்கொண்டார். நான் உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது, அவரே பிறகு பொய் என்று தள்ளிய அந்த வார்த்தையைத்தான்.

இனிமேல் வருவதுதான் நான் சொல்லாமல் விட்டது. காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்தேன். விபத்திலிருந்து மோன்சா 42 நாள். மோன்சாவிலிருந்து ஜப்பானில் ஃபுஜி பந்தயமும் சரியாக 42 நாள்தான், அக்டோபர் 24. அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் அது. லவுடாவிடம் 68 புள்ளி, பட்டத்துக்கு அவரோடு போட்டியில் இருந்த ஜேம்ஸ் ஹன்ட்டிடம் 65. அன்றைக்கும் மழை. ட்ராக்கில் தண்ணீர் ஓடியது. பந்தயத்தை நேரம் தள்ளித்தான் ஆரம்பித்தார்கள். லவுடாவின் இமைகள் தீயில் கெட்டுப் போயிருந்தன, சரியாகக் கண் சிமிட்டக்கூட வராத நிலை. இரண்டு சுற்று ஓட்டினார். பிட்டுக்குள் வந்து இறங்கிவிட்டார்.

ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி அவரிடம் வந்து, எஞ்சினில் கோளாறு என்று சொல்லிவிடுவோம் என்றார்.

அம்மாடி, இந்த விஷயம் எனக்கு முன்பே தெரியும். எப்போதோ படித்ததுதான். ஆனால் அன்றைக்குப் பிட்டில் நின்று உன்னிடம் அதையே நான் சொன்னபோது அது நினைவுக்கு வரவில்லை. ஃபோர்கியேரி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் ஓட்டுநரின் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார். நானும் அப்படித்தான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. உன் மானத்தைவிட, சொந்தக்காரர்கள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்பதுதான் முதலில் ஓடியது.

லவுடா மறுத்துவிட்டார். கார் நன்றாகத்தான் இருக்கிறது, நிறுத்தியது நான் என்று சொல்லிவிட்டு, பந்தயம் முடியுமுன்பே கிளம்பிவிட்டார். அதன்பின் மழை விட்டு ட்ராக் காய ஆரம்பித்தது. ஹன்ட் டயர் தேய்ந்து கடைசி நேரத்தில் பிட்டுக்குள் வர வேண்டியதாகி, எப்படியோ மூன்றாவதாக வந்து நான்கு புள்ளி வாங்கினார். 69க்கு 68. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போயிற்று. லவுடா இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் என்று எத்தனையோ பேர் கணக்குப் போட்டிருப்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். அதனால்தான் கதையை மோன்சாவோடு நிறுத்தினேன். ஃபுஜி எனக்குத் தோல்வியாகத் தெரிந்தது. ஒரு குழந்தைக்குப் போய் இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அவர் மட்டும் விலகவில்லை. எமர்சன் ஃபிட்டிபால்டியும் விலகினார், அவர் ஏற்கெனவே இரண்டு முறை உலக சாம்பியன். கார்லோஸ் பாச்சே விலகினார். இந்தப் பெயர்களையெல்லாம் யாரும் கதையாகச் சொல்வதில்லை.

இத்தாலியப் பத்திரிகைகள் அவரைக் கோழை என்று எழுதின. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே ஃபெராரி அவர் இடத்துக்குக் கார்லோஸ் ராய்ட்டமானைப் பிடித்து வைத்திருந்தது. அடுத்த வருஷம், 1977ல், லவுடா அதே ஃபெராரியில் சாம்பியன் ஆனார். இன்னும் இரண்டு பந்தயம் பாக்கி இருக்கும்போதே அந்த அணியை விட்டு விலகினார். 1979ல் கனடாவில் பயிற்சி ஓட்டத்தின் நடுவே போதும் என்று தோன்றி ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். சாக்கு எதுவும் தேடவில்லை. விமானக் கம்பெனி நடத்தப் போனார். 1982ல் மெக்லாரன் அணிக்காகத் திரும்ப வந்து, 1984ல் மூன்றாவது பட்டம் வாங்கினார். அது எப்படி வந்தது தெரியுமா? கூட ஓட்டிய அலேன் ப்ரோஸ்ட்டைவிட அரைப் புள்ளி கூடுதல், 72க்கு 71.5. அந்த வருஷம் மொனாக்கோ பந்தயம் மழையால் நடுவிலேயே நின்றுபோனது, அதில் எல்லோருக்கும் பாதிப் புள்ளிதான். ஜெயித்த ப்ரோஸ்ட்டுக்குக் கிடைத்தது நாலரை. அரைப் புள்ளி என்ற கணக்கே அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பந்தயத்தைப் பற்றியது இல்லை என்றாலும் எனக்கு இதில்தான் அவர்மேல் மரியாதை கூடியது. 1991 மே 26 அன்று அவருடைய லவுடா ஏர் விமானம் ஒன்று தாய்லாந்தில் விழுந்து 223 பேர் இறந்தார்கள். விழுந்த இடத்துக்கு அவரே போனார். தரையிறங்கியபின் வேகத்தைக் குறைக்கப் பயன்படும் எஞ்சின் ரிவர்ஸர், பறக்கும்போதே தானாகத் திறந்துகொண்டதுதான் காரணம் என்று தெரியவந்தது. விமானிகளால் சமாளித்திருக்க முடியுமா என்று சிமுலேட்டரில் தானே உட்கார்ந்து முயன்று பார்த்தார், அவரும் ஒரு விமானி. முடியாது என்று தெரிந்ததும் அதை விமானத்தைத் தயாரித்த போயிங் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விடாமல் நின்றார். கோளாறு இயந்திரத்தில் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும், இல்லாதபோது அதன்மேல் பழி போடக் கூடாது. ஃபுஜியில் நின்ற அதே ஆள்தான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைத் தயார் பண்ண இரண்டு ராத்திரி கண் விழித்தானே அந்த வயரிங் பையன், அவனை நான் யோசிக்கவே இல்லை. நான் சொன்ன பொய்க்கு அவன் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அது உனக்கு அப்போதே தோன்றிவிட்டது, அதனால்தான் "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று முதலில் சொன்னாய். எனக்கு அது புரிய மூன்று வாரம் ஆயிற்று.

நேற்றுக் காலையில் ஸ்பான்சர் பக்கத்து ஆளுக்குப் போன் செய்தேன். "வயரிங்ல ஒண்ணுமில்ல சார். அவளுக்கு ட்ராக் தெரியல, பயந்துட்டா, நிறுத்திட்டா. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "சரிங்க, சொன்னதுக்கு நன்றி" என்றார். அடுத்த சீசனுக்குப் பணம் தருவாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மெக்கானிக் பையனையும் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டேன். உன் அம்மாவிடம் ராத்திரியே சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

நீ இனிமேல் ஓட்டுவாயா மாட்டாயா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. ஓட்டினாலும் வருகிறேன், ஓட்டாவிட்டாலும் உன்னைப் பார்க்க வருகிறேன். மழையில் பிட்டுக்குள் திரும்பி வந்தால் கையுறையைக் கழற்றி விடுவேன், வேறு எதுவும் பேச மாட்டேன்.

அந்தக் கையுறை இங்கேதான் இருக்கிறது, அவசரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். வெயிலில் போட்டால் விறைத்துப்போகும் என்று நிழலிலேயே காய வைத்தேன். இடது கையில் கட்டைவிரல் பக்கம் தையல் விட்டிருக்கிறது. தைத்து வைக்கவா, இல்லை அப்படியே அனுப்பவா?

அப்பா