கோட்டையில் வழிகாட்டிய ஐயாவுக்கு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை சேலம் கோட்டைப் பகுதியைச் சுற்றிப் பார்க்க மகளோடு போயிருந்தேன். கூட்டிப்போவதாகச் சொன்னவர் போனை எடுக்கவே இல்லை. மாரியம்மன் கோயில் வாசலில் முழித்துக்கொண்டு நின்றோம். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பையோடு வந்த பெரியவர் ஒருவர், "என்னங்கம்மா, யாரையாச்சும் தேடுறீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "சரி, வாங்க" என்று முன்னால் நடந்துவிட்டார்.

திருமணிமுத்தாறு அருகே நின்றார். மூக்கைப் பொத்திய மகளிடம், "சேர்வராயன் மலையில பொறந்து காவிரிக்குப் போற ஆறு பாப்பா. நாமதான் சாக்கடையாக்கிட்டோம்" என்றார். அழகிரிநாதர் கோயிலைப் பார்த்துவிட்டுச் சுகவனேசுவரருக்குப் போனோம். சுக முனிவர் கிளியாக வந்து வழிபட்ட கதையை அவர் கிளிக்குரலிலேயே சொல்ல, மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். 1917-இல் ராஜாஜி இந்த ஊர் நகராட்சித் தலைவராக இருந்ததும் பேச்சில் வந்தது.

கடைசியில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, பீட்ரூட், கேரட் துருவல். மகளின் கவுனெல்லாம் சிவப்பு. காசையும் அவரே கொடுத்துவிட்டார்! திரும்பிப் பார்ப்பதற்குள் டவுன் பஸ் ஏறிப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை.

ஐயா, ரொம்ப நன்றிங்க. அடுத்த தட்டுவடை என் கணக்கு.