தாவர வரைபடமும் ஹெர்பேரியச் சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புவி வெப்பமாவதால் தாவரங்கள் மலைச்சரிவுகளில் மேல்நோக்கி நகர்ந்து வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகளை, விவரச் சீட்டுடன் சேர்த்துப் பாதுகாக்கும் காப்பகமே ஹெர்பேரியம். பழைய ஹெர்பேரியப் பதிவுகளையும் அண்மைக்காலப் பதிவுகளையும் ஒப்பிடுவது ஏற்கத்தக்க முறைதான். ஆனால், செடி கிடைத்த இடங்களைக் குறிக்கும் வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. நெடுங்காலம் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு செடியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். துளசி, தும்பை, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது சால்வியா ஃபியூனேரியா. அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த மலைகளில், சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் இந்தப் புதர்ச்செடிக்கு 1908-ல் தாவரவியலாளர் மார்கஸ் ஜோன்ஸ் பெயர் சூட்டினார். செடி முழுவதும் வெண்பஞ்சு போன்ற மயிர் போர்த்தியிருக்கும். ஊதா நிறப் பூக்கள் அதற்குள் பாதி மறைந்திருக்கும். தாளில் ஒட்டிப் பல்லாண்டுகள் ஆன பின்னும் பஞ்சு அப்படியே இருக்கும், பூவின் நிறமோ மங்கிவிடும். அதனால்தான் சேகரித்தவர் பூவின் நிறத்தையும் இடத்தையும் உயரத்தையும் அன்றைக்கே சீட்டில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

சிக்கல் இடத்தில்தான் வருகிறது. ஜிபிஎஸ் கருவி பரவலாவதற்கு முன் எழுதப்பட்ட சீட்டுகளில் மலையிடுக்கின் பெயரும், சாலையிலிருந்து தொலைவும், அடிக்கணக்கில் உத்தேச உயரமும் இருக்கும். சிலவற்றில் ஒரு மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்ட நில அளவைக் கட்டத்தின் எண் மட்டுமே இருக்கும். இதைக் கணினிக்காக அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றும்போது கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறார்கள். செங்குத்தான மலைகளில் அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே உயரம் பல நூறு மீட்டர் மாறலாம் என்பதால், பிழையின் ஆரத்தையும் (உண்மையான இடம் புள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவு வரை விலகியிருக்கலாம் என்பதை) சேர்த்துப் பதியாத புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு செடி நூறு மீட்டர் மேலே ஏறிவிட்டதாகச் சொல்வதில் பொருளில்லை. போதாக்குறைக்கு, 1927-ஆம் ஆண்டின் நில அளவை அடிப்படையில் குறித்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்றைய ஜிபிஎஸ் அடிப்படைக்கு மாற்றாமல் போட்டால், கலிபோர்னியாவில் புள்ளி ஏறத்தாழ நூறு மீட்டர் தள்ளிப்போகும். மலையிடுக்கின் தரையில் பறித்த செடி சுவரின் உச்சியில் வளர்ந்ததாக ஆகிவிடும்.

சாலைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். லெட்ஃபீல்டு என்ற சுரங்க ஊருக்காக 1926-ல் சாலை போட்ட பிறகு டெத் வேலியின் டைட்டஸ் மலையிடுக்கின் பாறைகளை எவரும் எளிதாக அணுக முடிந்தது. வண்டி போகாத பக்கத்து இடுக்குகளில் பதிவு இல்லை என்றால், அங்கே செடி இல்லை என்று ஆகாது. ஆள் போகவில்லை என்றும் இருக்கலாம். ஒரே நாளில் ஒரே புதரிலிருந்து எடுத்த கிளைகளைப் பல ஹெர்பேரியங்களுக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. சேகரித்தவர் சீட்டில் இடும் சேகரிப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் ஒரு புதர் நான்கு பதிவாக எண்ணப்படும்.

இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றைத் திருத்த, செடி ஒட்டிய மூலத்தாளும் சீட்டும்தான் வழி. காய்ந்த பூவைக் கொதிநீரில் ஊறவைத்தால் இதழ் இளகும்; பிரித்து, லென்சின் கீழ் வைத்து மகரந்தத்தாள்களை எண்ணலாம். சால்வியா என்றால் மகரந்தம் தரும் வளமான தாள்கள் இரண்டுதான் இருக்கும். இதை ஒளிப்படத்தில் செய்ய முடியாது. அப்படியிருக்க, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2024-ல் அறிவித்தது மிகுந்த வேதனை தருகிறது.

இனி இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது எத்தனை தாள்கள் நேரில் சரிபார்க்கப்பட்டன, இடப்பிழை எவ்வளவு என்ற இரண்டையும் வாசகர்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
திருச்சி