யாக்-52: வெளியே தெரியும் சக்கரங்கள் குறையல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சாகச விமானங்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், ரஷ்ய யாக்-52இன் சக்கரங்கள் மடக்கிய பிறகும் வெளியே துருத்தி நிற்பதை வடிவமைப்புக் குறை என்று எழுதியிருந்தீர்கள். அது வேண்டுமென்றே செய்தது. 1976இல் முதன்முதலாகப் பறந்த இந்த இரட்டை இருக்கை விமானம், சோவியத் டோசாஃப் (ராணுவத்துக்குத் துணைநிற்கும் தன்னார்வ அமைப்பு) பறக்கும் மன்றங்களில் மாணவர்களைப் பழக்குவதற்காகவே உருவானது. சக்கரத்தை இறக்க மறந்து மாணவர் தரையைத் தொட்டாலும், வெளியே நிற்கும் சக்கரங்கள் எடையை வாங்கிக்கொள்ளும். மரப் புரொப்பெல்லர் உடையும். இறக்கையும் உடற்பகுதியும் பெரும்பாலும் தப்பிவிடும்.

தலைகீழாக எவ்வளவு நேரமும் பறக்கும் என்று கட்டுரை சொன்னதும் சரியல்ல. அந்த நிலையில் இன்ஜினுக்குக் கிடைப்பது 5.5 லிட்டர் சிறு தொட்டியில் உள்ள பெட்ரோல்தான். இரண்டு நிமிடம் தாங்கும்.

கட்டுரை தொடாத முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இன்ஜின் ஸ்டார்ட், சக்கரம், ஃபிளாப், பிரேக் எல்லாமே இதில் அழுத்தக் காற்றில் இயங்குகின்றன. நிரம்பிய பாட்டிலில் 50 வளிமண்டல அழுத்தம் இருக்கும். கசிந்து இறங்கிவிட்டால் இன்ஜின் கிளம்பாது, தரையில் பிரேக்கும் பிடிக்காது. இந்தக் காற்று ஸ்டார்ட்டில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது.

இதில் இருக்கும் எம்-14பி, 360 குதிரைத்திறன் கொண்ட ரேடியல் இன்ஜின்; ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருக்கும். விமானம் சும்மா நிற்கும்போது ஆயில் மெல்ல வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். ஆயிலை அமுக்க முடியாது. அந்த நிலையில் காற்றைத் திறந்துவிட்டால் பிஸ்டன் முட்டி, அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். வளைந்த ராட் அப்போதே உடைய வேண்டும் என்பதில்லை. இன்ஜின் ஒழுங்காக ஓடுவதுபோல் ஓடி, பின்னொரு நாள் வானத்தில் உடையும்.

ஆகவே ஸ்டார்ட்டுக்கு முன், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை அணைத்துவிட்டு, புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். ஒன்பது சிலிண்டரும் ஒருமுறை அமுங்க கிராங்க் இரண்டு சுற்று போக வேண்டும். இடையில் கியர் இருப்பதால் புரொப்பெல்லருக்கு அது சுமார் 1.3 சுற்று. இரண்டு அலகு (பிளேடு) கொண்ட புரொப்பெல்லரில் மூன்று அலகாவது கடக்க வேண்டும். கூடுதலாகச் சுற்றுவது நல்லது. இறுகினால் பலம் காட்டக்கூடாது. பின்பக்கம் சுற்றவே கூடாது: ஆயில், சிலிண்டருக்குக் காற்றும் பெட்ரோலும் வரும் உறிஞ்சு குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, ஸ்டார்ட் ஆனதும் சிலிண்டருக்கே திரும்பிவரும். அப்படி இறுகினால், கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயிலை முழுவதும் வடித்து, மறுபடி கையால் சுற்றிப் பார்த்த பிறகே காற்றைத் திறக்க வேண்டும்.

பழைய யாக்-52 வாங்க நினைப்பவர்களுக்கு இது அவசியமான தகவல். அடுத்த இதழில் இதைச் சுருக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓசூர்