அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச தோல் பை எங்கே கிடைக்கும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரைச் சித்திரைத் திருவிழா ஆலோசனைக் கூட்டங்கள் பங்குனியில் சூடு பிடித்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். பந்தலுக்கும் தடுப்புக் கட்டைக்கும் அது சரி. ஆனால் வைகையில் இறங்க வரும் கள்ளழகர் மேல் பக்தர்கள் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடனுக்கான தோல் பைகளுக்குத் தை மாதமே சொல்லி வைத்தால்தான் சித்திரைக்குக் கைக்கு வரும். அதற்காகத்தான் இப்போதே எழுதுகிறோம்.

அதிக அழுத்தம் தரும் பம்புகள் கூடாது, மரபான தோல் பையில்தான் பீய்ச்ச வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-ல் உத்தரவிட்டது. மிகச் சரியான உத்தரவு. வயலில் மருந்தடிக்கும் ஸ்பிரேயரைத்தான் பலர் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் அதன் ஹோஸிலும் வாஷரிலும் பூச்சி மருந்து தங்கியிருக்கும். அதே தண்ணீர்தான் குழந்தையின் கண்ணிலும் விழுகிறது. இன்ஜின் வைத்த பம்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். குதிரை வாகனத்தில் சாமியை அணைத்தபடி நிற்கும் பட்டரின் (அர்ச்சகரின்) முகத்தில் நேராக அடித்தால், அவர் பிடியை விட்டுத்தான் கண்ணைத் துடைக்க வேண்டும். மாலை சிதைகிறது, பட்டு நனைந்து கனக்கிறது. சாமி தங்கிச் செல்லும் மண்டகப்படிகளில் தொங்கும் சீரியல் செட் வயரிலும் மைக் செட்டிலும் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

தோல் பையில் இந்த வேகம் வரவே வராது. கையால் அமுக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் பாயும். ஆட்டுத் தோலை வயிற்றுப் பக்கம் கீறாமல் உறைபோல முழுதாக உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துவது பழைய முறை. மூன்று கால்களை இறுகக் கட்டிவிட்டு நாலாவது காலில் சின்னப் பித்தளைக் குழாயைச் செருகிக் கட்டுவார்கள். கழுத்து வழியாகத் தண்ணீர் ஊற்றி முறுக்கிக் கட்டி, பையைக் கக்கத்தில் இடுக்கி அமுக்கினால் பீய்ச்சும். குழாயின் துளை சிறியதாக இருக்க வேண்டும். பெரிதானால் நாலு அமுக்கில் பை காலியாகிவிடும்.

புதுப் பை ஒழுகுகிறது என்று கடையில் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பையின் குறை அல்ல. காய்ந்த தோலில் சின்னத் துளைகள் திறந்தே இருக்கும். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் உப்பித் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் கசிந்தால் அந்த இடத்தில் மெழுகு தேய்த்தால் போதும். கழுத்தை நைலான் கயிற்றால் கட்டக் கூடாது, ஈரத்தில் வழுக்கி அவிழும். பருத்திக் கயிறு நனைந்தால் இன்னும் இறுகும். பை எவ்வளவு கொண்டாலும் எட்டு லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டாம். எட்டு லிட்டரே எட்டுக் கிலோ. அதை இடுக்கிக்கொண்டு, அழகர் ஆற்றில் இறங்கும் ஆழ்வார்புரம் கூட்டத்தில் நிற்கிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து விழுவார். 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இருவர் உயிரிழந்ததை மறக்க முடியுமா?

அடுத்தது தண்ணீர். பையை ஆற்றில் தேங்கிக் கிடக்கும் குட்டையிலேயே முக்கி நிரப்புகிறார்கள். மதுரைக்குள் வைகையில் சாக்கடை கலப்பது ஊரறிந்த விஷயம். விரதமிருந்து வேண்டிக்கொண்டு வருகிறவர் கழிவு நீரையா சாமி மேல் பீய்ச்சுவது? அழகர் வரும் வழியிலுள்ள மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம், ஆழ்வார்புரம், ராமராயர் மண்டபம் ஆகிய ஐந்து இடங்களில் மாநகராட்சி குடிநீர் லாரியை நிறுத்தி, இடுப்பு உயரத்தில் ஆறு குழாய்கள் வைத்துக் கொடுத்தால் போதும். 6,000 லிட்டர் லாரியில் எட்டு லிட்டர் வீதம் 750 பைகள் நிரம்பும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வந்தால், ஆறு குழாய்களில் நிமிடத்துக்கு ஒன்பது பைகள். ஆக, ஒரு லாரி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தாங்கும், மாற்று லாரி அதற்குள் வந்துவிட வேண்டும். லாரி நிற்கும் இடம் சாமி வரும் தடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். சிந்தும் தண்ணீர் மண்ணைச் சேறாக்கினால் முதலில் வழுக்குவது வெறுங்காலோடு சாமியைச் சுமந்து வரும் சீர்பாதந்தாங்கிகளுக்குத்தான். ஒருவர் கால் சறுக்கினாலும் பாரம் மற்றவர் தோள்களில் சாய்ந்துவிடும்.

தண்ணீரில் கொஞ்சம் பன்னீர் கலக்கலாம், வெட்டிவேர் ஊறிய தண்ணீர் இன்னும் நல்லது. மஞ்சள் பட்டில் கறையாகும், ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். பாலும் மோரும் கூடவே கூடாது. வெயிலில் நாற்றமெடுக்கும், தரையும் வழுக்கும். கலர் பொடி, சென்ட் வகையறாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இனி முக்கியமான கோரிக்கை. பம்பைப் பறிமுதல் செய்கிறவர்களிடம் பதிலுக்குக் கொடுக்க மாற்றுப் பை இல்லை. கடையில் தேடினாலும் போதுமான பைகள் கிடைப்பதில்லை, கிடைப்பதும் கடைசி வாரத்தில் விலை ஏறிவிடுகிறது. வேண்டுதலோடு வந்தவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார், பம்பைத் துணிக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போவார். நடுக்கூட்டத்தில் அதைப் பிடுங்கப் போனால் தள்ளுமுள்ளுதான் மிச்சம். தோல் பதனிடுவதற்குப் பேர்போன திண்டுக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. கோயில் நிர்வாகமும் மாவட்ட நிர்வாகமும் தை மாதமே அங்கே ஆர்டர் கொடுத்து, பங்குனிக்குள் பைகளை வாங்கி வைக்கலாம். அழகர்கோவிலிலும், புதுமண்டபத்துக் கடைகள் இப்போது இயங்கும் குன்னத்தூர் சத்திரத்திலும் நிர்ணயித்த விலைக்கு விற்கலாம். சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு வாடகைக்குக் கொடுக்கலாம். வாடகைப் பைகளை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, மடிக்காமல் தொங்கவிட்டு வைத்தால் அடுத்த ஆண்டும் உதவும். மடித்த தோல் மடிப்பில்தான் முதலில் வெடிக்கும்.

சோதனையை மூன்றுமாவடிக்கும் கோரிப்பாளையத்துக்கும் முன்னாலேயே, கூட்டம் இறுகுவதற்குள் வைக்க வேண்டும். பம்பை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்து, அந்த இடத்திலேயே வாடகைப் பையை நீட்ட வேண்டும். இதற்கான பைகளின் எண்ணிக்கையை முதல் ஆலோசனைக் கூட்டத்திலேயே முடிவு செய்து அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
தல்லாகுளம், மதுரை.