80 சதவீதம் என்பது எலிகளின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா திரிபுகளின் வீரியத்தை விலங்குச் சோதனைகளைக் கொண்டு ஒப்பிட்டுத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆய்வுக்கூட விலங்குகளோடு பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் எனக்குக் குறை இல்லை. அவற்றை வைத்து, இந்தத் திரிபு மனிதர்களில் இத்தனை பேரைக் கொல்லும் என்ற முடிவுக்கு அவர் ஒரே தாவலில் போய்விட்டதுதான் குறை.

சோதனை நடக்கும் விதத்தைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். மயக்கமளிக்கப்பட்ட ஹாம்ஸ்டரின் (எலியைப் போன்ற ஒரு சிறு விலங்கு) மூக்குத் துளையில், அளந்தெடுத்த வைரஸ் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பிறகு நாள்தோறும் எடை பார்ப்பார்கள். 2020-இல் முதலில் பரவிய வைரஸ் என்றால் ஆறேழு நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். அதன்பின் விலங்கு மீண்டும் இரை எடுக்கத் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய பழைய எடைக்கு வந்துவிடும். இடையில் சில விலங்குகளின் நுரையீரலை எடுத்து, அதில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது, எவ்வளவு பகுதி அழற்சியால் இறுகியிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். கட்டுரை 'நோயின் தீவிரம்' என்று குறிப்பிடுவது பெரும்பாலும் இந்த எடை ஏற்ற இறக்கத்தையும் இந்த நுரையீரல் துண்டுகளையும்தான். இதிலும், அதே எண்ணிக்கையிலான வைரஸைச் சிறு துளியாகக் கொடுத்தால் தொடக்கத்தில் பெரும்பாலும் மூக்கிலேயே தங்கும். கூடுதல் நீர்மத்தில் கலந்து கொடுத்தால் நுரையீரல் வரை இறங்கும். வயது முதிர்ந்த ஹாம்ஸ்டர் இளையதைவிட அதிகம் நோய்வாய்ப்படும். எனவே ஓர் ஆய்வகத்தின் டெல்டா எண்ணையும் இன்னோர் ஆய்வகத்தின் ஒமைக்ரான் எண்ணையும் பக்கத்தில் வைத்து, கட்டுரையில் உள்ளதைப் போல ஒரே அட்டவணையாக்குவது பொருந்தாது.

எந்த விலங்கு என்பது இதைவிட முக்கியம். செல்லுக்குள் நுழைய இந்த வைரஸ் முதலில் செல்லின் மேலுள்ள ஏசிஇ2 ஏற்பி என்ற புரதத்தில் ஒட்ட வேண்டும். ஹாம்ஸ்டரின் ஏற்பியில் அது இயல்பாகவே ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஆய்வகச் சுண்டெலியின் ஏற்பியிலோ முதல் வைரஸால் ஒட்ட முடியவில்லை. அதனால்தான் மனித ஏசிஇ2 மரபணு புகுத்தப்பட்ட சுண்டெலிகளைப் பயன்படுத்தினார்கள். பழைய சார்ஸ் நோயை ஆராய்வதற்காக உருவாக்கப்பட்டு 2007-இல் அறிவிக்கப்பட்ட இந்த எலிகளில் தொற்று மூளைக்கும் பரவும். அவை சாவதற்குப் பல சமயம் அதுவே காரணம். மனிதர்கள் கொரோனாவால் இறந்தது பெரும்பாலும் நுரையீரல் செயலிழந்து. அந்த எலியின் சாவும் மனிதனின் சாவும் ஒரே வகை அல்ல.

2022 அக்டோபரில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு பட்ட பாட்டை நினைவூட்டுகிறேன். வைரஸ் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் முள் போன்ற ஸ்பைக் புரதத்தை ஒமைக்ரானிலிருந்து எடுத்து, தொடக்ககால வைரஸின் உடலில் பொருத்தி, மேற்சொன்ன எலிகளுக்குக் கொடுத்தார்கள். 80 சதவீத எலிகள் இறந்தன. '80 சதவீதம் பேரைக் கொல்லும் வைரஸ்' என்று உலகெங்கும் தலைப்புகள் பறந்தன. அதே சோதனையில் தொடக்ககால வைரஸ் அந்த எலிகளில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை என்பதைப் பல செய்திகள் சொல்லவே இல்லை. மனிதர்களில் மிகச் சிறு விழுக்காட்டினரையே கொன்ற வைரஸ் இந்த எலிகளில் 100 சதவீதத்தைக் கொல்கிறது என்றால், 80 என்பது எலிகளின் கணக்கு. முந்தைய திரிபுகளைவிட ஒமைக்ரான் மென்மையாக இருப்பதற்கு ஸ்பைக் மட்டுமே காரணமல்ல என்ற ஆய்வின் உண்மையான செய்தி அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை.

இத்தனை சொன்னாலும் விலங்குச் சோதனைகள் வீண் என்பது என் வாதம் அல்ல. 2021 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் ஒமைக்ரான் நோயாளிகள் லேசாகவே பாதிக்கப்படுகிறார்கள் என்ற தகவல் வந்தபோது, அது வைரஸின் குணமா, ஏற்கெனவே தொற்றோ தடுப்பூசியோ தந்த எதிர்ப்பாற்றலின் பலனா என்று மருத்துவமனைக் கணக்கை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியவில்லை. கொரோனாவையே அறியாத ஹாம்ஸ்டர்கள்தான் அதைப் பிரித்துக் காட்டின. வெவ்வேறு ஆய்வகங்களில் அவை எடை இழக்கவில்லை, அல்லது மிகக் குறைவாகவே இழந்தன. நுரையீரலிலும் வைரஸ் குறைவாகவே இருந்தது. நுரையீரல் செல்களுக்குள் நுழைய டெல்டா நன்றாகப் பயன்படுத்திய டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதியை ஒமைக்ரான் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை என்ற விளக்கமும் இதோடு சேர்ந்து வந்தது. அதேபோல் டெல்டாவின் ஸ்பைக்கில் 681-ஆம் இடத்தில் நேர்ந்த ஒற்றை மாற்றத்தை மட்டும் பழைய வைரஸில் ஏற்படுத்தி, அது ஹாம்ஸ்டரை அதிகம் வாட்டுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதர்களிடம் இப்படிப்பட்ட சோதனையைச் செய்யவே முடியாது.

ஆனால் அதே ஜப்பானிலிருந்து 2022-இல் வந்த இரண்டு முடிவுகளைப் பாருங்கள். பிஏ.1, பிஏ.2 இரண்டும் ஒமைக்ரானின் உட்பிரிவுகள். பிஏ.2-வின் ஸ்பைக்கைப் பழைய வைரஸில் பொருத்திச் செய்த கலப்பு வைரஸ், பிஏ.1-இன் ஸ்பைக்கைப் பொருத்தியதைவிட ஹாம்ஸ்டர்களில் கடுமையாக இருந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த அசல் பிஏ.2-வோ பிஏ.1-ஐப் போலவே மென்மையாக இருந்தது. கட்டுரையாளர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் விட்டுவிட்ட இன்னொன்று, அந்த ஆண்டு ஹாங்காங்கில் அதே பிஏ.2, தடுப்பூசி போட்டுக்கொள்ளாத முதியவர்களை ஆயிரக்கணக்கில் பலி கொண்டது. கூண்டில் இருந்த இளம் ஹாம்ஸ்டர்களை வைத்து அந்த முதியவர்களின் நிலையை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது எந்த விலங்கு, அசல் வைரஸா கலப்பு வைரஸா, ஒப்பிடப்பட்ட பழைய திரிபு அதே சோதனையில் என்ன செய்தது என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: ஹாம்ஸ்டர் என்று குறிப்பிட்டு வெளியிட்டிருந்த படத்தில் இருப்பது நீண்ட வாலுள்ள வெள்ளை எலி. ஹாம்ஸ்டருக்கு இருப்பது குட்டை வால்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்