பிளாங்க்கில் வந்த துத்தநாகம்

கடலூர்

அன்புள்ள செல்வி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதியானது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை.

உங்கள் கல்லூரிக்கு ஏ.ஏ.எஸ். கருவி (அணுக்கள் ஒளியை உறிஞ்சுவதை வைத்து உலோகத்தை அளப்பது) வந்துவிட்டது, அதுவும் சாம்பிளைச் சின்னக் குழாயில் வைத்துச் சூடாக்கும் கிராஃபைட் ஃபர்னஸோடு என்றதும் எனக்கே வந்தது போல இருந்தது. அதனால்தான் போன மாதம் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

உப்பனாற்றுத் தண்ணீரில் துத்தநாகம் பார்த்துக்கொண்டிருந்தோம். நினைத்ததைவிட நிறைய வந்தது. தொழிற்சாலைக் கழிவுதான் என்று அறிக்கை எழுதவே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் பிளாங்க்கைக் கவனித்தேன். அமிலமும் சுத்தமான தண்ணீரும் மட்டும் உள்ள குப்பி, அதிலும் துத்தநாகம்! அமிலத்தை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம், குறையவில்லை. கடைசியில் சந்தேகம் எங்கள் லேடெக்ஸ் கையுறை மேல் விழுந்தது. ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள் அல்லவா? ஒரு விரலை வெட்டி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் அந்த அமிலத்தைக் கருவிக்குக் கொடுத்தால், ஒப்பிட வைத்திருக்கும் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுகள் எல்லாவற்றையும் தாண்டிப் போனது. அந்த அறிக்கை வெளியே போயிருந்தால் என்று நினைக்க இன்னும் பதறுகிறது.

இப்போது பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறைதான், அதையும் கழுவிவிட்டுத்தான் தொடுகிறோம். குப்பிகள் எல்லாம் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறுகின்றன. மஞ்சள் நிற பிப்பெட் முனைகளை ஒதுக்கிவிட்டோம், அந்தச் சாயத்தில் காட்மியம் இருக்கக்கூடும். அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பாட்டர்சன்கூட 1956-இல், ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று சொல்வதற்கு முன்னால், ஆய்வகத்தில் ஒட்டியிருந்த ஈயத்தோடுதான் வருஷக்கணக்கில் போராடினார்.

ஈயத்தில் சிக்கல் வேறு மாதிரி. முகத்துவாரத்துத் தண்ணீரில் கடல் ஏறிவிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நாம் தேடுவதோ மைக்ரோகிராம். உப்புப் புகை ஒளியை மறைத்தால் கருவி அதையும் ஈயம் என்று எண்ணிக்கொள்ளும். இன்னொரு பக்கம், குளோரைடோடு சேர்ந்து கொஞ்சம் ஈயம் முன்கூட்டியே பறந்துவிடும். உப்பை, அதாவது சோடியம் குளோரைடை, முதலில் விரட்டலாம் என்றால் அது 1,400 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், அதற்குள் ஈயமும் போய்விடும். அம்மோனியம் நைட்ரேட் சேர்த்தால் அந்த உப்பு அம்மோனியம் குளோரைடாகவும் சோடியம் நைட்ரேட்டாகவும் மாறும். முன்னது 350 டிகிரிக்குள்ளேயே ஆவியாகிவிடும், நைட்ரேட்டும் அதை அடுத்துச் சிதைந்துவிடும். சின்னக் கண்ணாடி வைத்து ஃபர்னஸ் குழாயின் துளையைப் பார்த்துக்கொண்டே இரு. வெள்ளைப் புகை எழுந்து அடங்கும். அது அடங்கின பிறகே ஈயத்தைத் தனி அணுக்களாக்கும் சூட்டுக்குப் போக வேண்டும். ஈயம் தப்பிப் போகாமல் இருக்க அம்மோனியம் பாஸ்பேட்டும் சேர்க்கிறோம். அப்படியும் என் மனசு ஆறாது. தெரிந்த அளவு ஈயத்தைச் சாம்பிளிலேயே சேர்த்து, அது முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் எண்ணை எழுதுவேன்.

உங்கள் கருவியில் பேக்ரவுண்ட் கரெக்ஷன், அதாவது புகை மறைத்த ஒளியைக் கழிக்கும் ஏற்பாடு, டியூட்டீரியம் விளக்கா, காந்தப் புலத்தை வைத்துச் செய்யும் சீமனா? உப்புத் தண்ணீருக்கு சீமன் பெரிய உதவி. சரி, மாணவர்களை உட்கார வைப்பதற்கு முன் உங்கள் கையுறையிலும் ஒரு விரலை வெட்டி ஊறப்போட்டுப் பார். என்ன வந்தது என்று உடனே எழுது.

அன்புடன்,
மீனா